பாய் விரித்த இடம்

மதுரைக்குக் கடல் இல்லை. ஆனாலும் கப்பலில் கைப்பிள்ளையை எந்த இடத்தில் கிடத்துவது என்ற கவலை இந்த ஊருக்குப் பழையது. 1876-இல் தூத்துக்குடி வரை ரயில் ஓடத் தொடங்கியதும் கொழும்பு நமக்குப் பக்கத்து ஊராகிவிட்டது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபோது தனுஷ்கோடி வழியாக இன்னொரு வாசல் வந்தது. மலேயாவுக்குப் போகிறவர்கள் திருச்சி, தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினம் போய் ஏறினார்கள். மேலூர், சிவகங்கைப் பக்கத்துச் சனங்களுக்கு மூன்று வாசலும் தெரியும்.

டவுன் ஹால் ரோட்டில் பயணச்சீட்டு எடுத்துக்கொடுப்பது என் தொழில். இப்போது சென்னையிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலுக்கு ஆள் வருகிறார்கள். புருசன், பெண்டாட்டி, இரண்டு வயதுப் பிள்ளை. "அண்ணே, பால்கனி ரூம் எடுத்தா நல்லாருக்குமா, உள் ரூமே போதுமா?" என்பார்கள். விலைப்பட்டியலை மட்டும் நீட்டினால் அது பாதிப் பதில்தான். மீதிப் பதில் இந்த ஊர்ப் பெண்கள் கடல் தாண்டிய கதையில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் கடல் ஆழம் குறைவு. கப்பல் கரையிலிருந்து சில மைல் தள்ளித்தான் நங்கூரம் போடும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சின்னப் படகில் போய்த்தான் ஏற வேண்டியிருந்தது. அந்தத் தடத்தில்தான் வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மதுரையில் 1901-இல் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அந்தக் கம்பெனியின் தலைவராக இருந்தார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் வெள்ளைக்காரக் கம்பெனியை எப்படிக் கட்டணம் குறைக்க வைத்தன என்பது நமக்குப் பாடம். அந்தக் கப்பல்களின் தளத்தில் தாய்மார்கள் எப்படி ராத்திரியைக் கழித்தார்கள் என்பதை யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. தனுஷ்கோடி – தலைமன்னார் கடப்பு சில மணி நேரம்தான். உட்கார இடம் கிடைத்தாலே போதும். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது அந்தத் தடமும் அறுந்தது.

படுக்க இடம் என்பது பெரிய கேள்வியானது மலேயாக் கப்பலில்தான். சிங்கப்பூர் போய்ச் சேர ஏறத்தாழ ஒரு வாரம். அந்தத் தடத்தின் ராணி ரஜூலா. 1926-இல் கிளாஸ்கோவில் கட்டியது, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியுடையது. ஆரம்பத்தில் தளத்துப் பயணிகளாக மட்டும் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. அறைகளோ மிகக் குறைவு. அதன் சகோதரக் கப்பல் ரோனா, இரண்டாம் உலகப் போரில் துருப்புகளை ஏற்றிக்கொண்டு போனபோது, 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஜெர்மானியக் குண்டுக்கு இரையாகி ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களோடு மூழ்கியது. ரஜூலா போரில் தப்பித்து வந்து, 1970-களின் தொடக்கம் வரை நம் ஆட்களைச் சுமந்தது.

அந்தக் காலத்துச் சட்டம் பிள்ளைகளை எப்படிக் கணக்கிட்டது என்று பாருங்கள். 1923-ஆம் வருச இந்திய வணிகக் கப்பல் சட்டப்படி, அறை இல்லாத பயணிகளில் ஒரு வயதுக்கு மேல் பன்னிரண்டுக்குள் இருக்கும் இரண்டு பிள்ளைகள் சேர்ந்தால் ஒரு ஆள். பன்னிரண்டு மாதம் நிரம்பாத குழந்தை கணக்கிலேயே வராது. கப்பலில் எத்தனை பேர் ஏறலாம் என்பது இந்தக் கணக்கில்தான் முடிவானது. என் அப்பா 1951-இல் பத்து மாதக் குழந்தையாக, அப்பத்தா மடியில் நாகப்பட்டினத்தில் ரஜூலாவில் ஏறினார். சட்டத்தைக் கேட்டால் அப்படி ஒருவர் அந்தக் கப்பலில் ஏறவே இல்லை. ஆகவே பிள்ளைக்கான இடம் தாயின் பாயிலிருந்து பிய்த்துக் கொடுப்பதுதான். அந்தப் பாயை எங்கே விரிப்பது என்பதை ஏறிய கொஞ்ச நேரத்திற்குள் முடிவு செய்ய வேண்டும்.

அப்பத்தா மேலூர்ப் பக்கத்துக்காரி. கடலையே அன்றுதான் பார்த்தாள். ஆனால் முன்னால் போய்வந்த பெண்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். "காத்து வருதேன்னு ஓரத்துல விரிச்சிராதே ஆத்தா, கம்பி இடுக்குல பிள்ள போயிரும். மொனையில படுத்தா தூக்கித் தூக்கிப் போடும். பின்னால படுத்தா மிசினு சத்தம். நடுவுல, தண்ணிக் குழாய்க்குப் பக்கமாப் பாத்துப் போடு." இதைத்தான் அவள் எனக்கும் சொன்னாள். அப்பாவுக்குச் சேலையில் தூளி கட்டியிருக்கிறாள். கப்பல் சாய்ந்தாலும் தூளி நேராகவே தொங்குமாம், பிள்ளை தூங்குமாம். அவளுக்குத்தான் தூக்கமில்லை. சுக்கும் எலுமிச்சங்காயும்தான் அவள் மருந்து.

கப்பல் கட்டுகிறவர்களும் இதையேதான் சொல்வார்கள். அலையில் கப்பல் முன்னும் பின்னும் ஏறி இறங்கும்போது நடுப்பகுதி ஏறக்குறைய அசையாமல் நிற்கும். இரண்டு முனைகளும்தான் அதிகம் ஆடும். பக்கவாட்டில் சாயும்போது மேலே போகப் போக வீச்சு கூடும். ஆக, தலைசுற்றல் குறைய வேண்டுமென்றால் கீழே, நடுவே. ரஜூலாவில் கூடுதல் கட்டணம் கொடுத்து அறை எடுத்தவர்களுக்கு மறைவும் கட்டிலும் கிடைத்தன. ஆனால் மழைக்காலத்தில் கடல் பொங்கினால் வட்டச் சன்னலை மூடிவிடுவார்கள். குளிர்சாதனம் இல்லாத காலத்தில் உள்ளே புழுங்கும். காசு கொடுத்த அறையை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காற்றுக்காகத் தளத்துக்கு வந்த அம்மாக்களை அப்பத்தா பார்த்திருக்கிறாள். உயர்ந்த விலை என்பது பெரியவர்களின் வசதிக்கு வைத்த விலை. பிள்ளையின் வசதி வேறு கணக்கு. அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

ரஜூலாவுக்குப் பின் எம்.வி. சிதம்பரம் வந்தது. தென் அமெரிக்கத் தடத்துக்காக பிரான்சில் 1966-இல் கட்டிய கப்பல். இந்தியக் கப்பல் கழகம் 1970-களின் தொடக்கத்தில் வாங்கி, சிதம்பரம் என்று பெயர் வைத்தது. பாய் போய் அடுக்குப் படுக்கை வந்தது. பிள்ளையோடு போகிறவர்கள் கீழ்ப் படுக்கைக்கு அலைந்தார்கள். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பல பயணிகள் இறந்தார்கள். அதோடு அந்தக் கப்பலின் பயணிகள் சேவையும் நின்றது. அதற்குள் விமானம் வந்துவிட்டது. குடும்பத்தோடு கப்பலில் போகும் பழக்கமும், பழகியவர்கள் சொல்லி அனுப்பும் புத்தியும் சேர்ந்து மறைந்தன.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கிளம்பியபோதுதான் அறை பற்றிய கேள்வி என் மேசைக்குத் திரும்பி வந்தது. இப்போது எல்லா அறையிலும் குளிர்சாதனம் உண்டு, ஆகவே காற்றுக் கணக்கு தேவையில்லை. மற்றவை மாறவில்லை. நடக்கப் பழகிய பிள்ளை என்றால் பால்கனி வேண்டாம் என்பேன். பயணம் முழுதும் அந்தக் கதவுக்குக் காவல் இருப்பதிலேயே போய்விடும். திறக்க முடியாத சன்னல் வைத்த அறை, கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில், லிஃப்டுக்குப் பக்கம் கேளுங்கள். பகலில் தூங்கும் பிள்ளைக்கு இருட்டான உள் அறையே தோது. அறைக்கு மேல் தளத்தில் நடனக்கூடமோ சமையற்கட்டோ இருக்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். தொட்டில் வேண்டுமென்றால் முன்பதிவின்போதே எழுதி வாங்குங்கள். ஆறு மாதம் நிரம்பாத குழந்தையைப் பல கம்பெனிகள் ஏற்றுவதே இல்லை, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு விசயத்தில் மட்டும் காலம் உண்மையாகவே மாறியிருக்கிறது. இன்றைய சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிப்படி, பயணிகளின் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் சிறுவர் மிதவைச் சட்டை கப்பலில் இருக்க வேண்டும். ஒரு நாளுக்கு மேற்பட்ட பயணமானால் கைக்குழந்தை ஒவ்வொன்றுக்கும் அதன் அளவில் ஒரு சட்டை. கணக்கில் வராத பிள்ளை கணக்கில் வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அதனால் என்னிடம் சீட்டு வாங்குகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று சொல்வேன்: அறைக்குள் நுழைந்ததும் கடல் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், உங்கள் பிள்ளை அளவுக்குச் சட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கொண்டுவரச் சொல்லுங்கள். அது சலுகை இல்லை, பிள்ளையின் உரிமை.