பெண்ணையாற்றுப் பாறையும் புலவர்களின் நட்பும்

முன்னுரை

நட்பு என்றால் கர்ணன்-துரியோதனன், கோப்பெருஞ்சோழன்-பிசிராந்தையார், பாரி-கபிலர் என்று பள்ளிக்கூடத்தில் வரிசையாக ஒப்பித்திருப்போம். தேர்வு முடிந்ததும் மறந்தும் போயிருப்போம். ஆனால் அந்த வரிசையில் ஒரு கதை முடிந்த இடம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது என்பது அந்த மாவட்டத்துக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது.

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. மேற்கே கல்வராயன் மலை. வடகிழக்கே தென்பெண்ணை ஆற்றின் கரையில் திருக்கோவிலூர். சங்க காலத்தில் இதன் பெயர் கோவலூர். பெண்ணையின் இரு கரைகளிலும் பரவியிருந்த இந்த நாட்டை ஆண்டவர்கள் மலையமான்கள். மலையமான் நாடு என்பதே சுருங்கி மலாடு ஆனது. திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலுக்குப் பக்கத்தில், ஆற்றுக்குள்ளேயே ஒரு பாறை இருக்கிறது. அதன் உச்சியில் ஒரு சிறிய கட்டடம். ஊர் மக்கள் அதைக் கபிலர் குன்று என்கிறார்கள்.

மதுரைப் பக்கத்துத் திருவாதவூரில் பிறந்தவர் என்று சொல்லப்படும் ஒரு புலவரின் பெயர் இங்கே வந்தது எப்படி? அதற்கு விடை தேடினால் ஒரு நட்பு மட்டுமல்ல, ஒரு கூட்டத்தின் கதையே கிடைக்கிறது.

யார் இந்தப் புலவர்கள்?

சங்கப் பாடல்களைப் பாடியவர்கள் ஏறத்தாழ 470 பேர். இவர்கள் ஒரே ஊர்க்காரர்கள் அல்லர், ஒரே சாதியினரும் அல்லர். பெயர்களைப் பார்த்தாலே புரியும். அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி வியாபாரி. கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானிய வியாபாரி. மருத்துவன் தாமோதரனார் வைத்தியர். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் நகை செய்பவர். கபிலர் அந்தணர். ஔவையார், மாறோக்கத்து நப்பசலையார் போன்ற பெண்களும் இருந்தார்கள்.

இவர்களுக்குப் பொதுவானது தமிழும், ஊர் ஊராகப் போன நடையும்தான். பல புலவர்களுக்கு வருமானம் என்பது வள்ளல் கொடுக்கும் பரிசு மட்டுமே. இப்படிப்பட்ட பிழைப்பில் பொறாமை வருவதுதான் இயல்பு. ஒரே வாசலில் இரண்டு பேர் நின்றால், ஒருவருக்குக் கிடைப்பது இன்னொருவருக்குக் குறையும் அல்லவா? ஆனால் புறநானூறு காட்டுவது வேறு.

நப்பசலையார் மலையமான் திருமுடிக்காரியைப் பாட வருகிறார். அவருக்கு முன்பே கபிலர் அவனைப் பாடிவிட்டார். போட்டிக்காரரைப் பற்றி நப்பசலையார் என்ன சொல்கிறார்? மனத்தில் அழுக்கில்லாத அந்தணர் அவர், இனி மற்றவர்கள் பாடுவதற்கு இடமே இல்லாதபடி பாடிவிட்டார் என்கிறார். சேரனின் கப்பல் ஓடும் மேற்குக் கடலில் வேறு கலம் போக முடியாதது போலத் தங்கள் நிலைமை இருக்கிறது என்று உவமையும் சொல்கிறார் (புறம் 126). பொருந்தில் இளங்கீரனாரோ, கபிலர் இன்று உயிரோடு இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஒரு சேர மன்னன் ஏங்கியதைத் தன் பாடலிலேயே பதிவு செய்கிறார் (புறம் 53). அரசன் தன்னை விட்டு இன்னொருவரைத் தேடுகிறான் என்று அவர் முகம் சுளிக்கவில்லை! அதியமான் கோவலூரை வென்றபோது பாடிய ஔவையார், அந்த வெற்றியைப் பரணரும் பாடினார் என்பதைச் சொல்லாமல் விடவில்லை (புறம் 99).

தந்தையின் தோழன்

பறம்பு மலையின் தலைவன் பாரி. அவனுடைய 300 ஊர்களும் இரவலர்களுக்குப் போய்விட்டன, மிச்சம் இருப்பது பாரியும் நாங்களும்தான் என்று கபிலர் பாடியிருக்கிறார் (புறம் 110). சேர, சோழ, பாண்டியர் மூவரும் சேர்ந்து பறம்பை முற்றுகையிட்டபோது கபிலர் உள்ளே இருந்தார். அவர் நினைத்திருந்தால் வெளியேறியிருக்கலாம். மூவேந்தர்களில் யாரும் அவரை வரவேற்றிருப்பார்கள். அவர் வெளியேறவில்லை. முற்றுகை நீண்ட காலத்தில், தொலைவிலிருந்து நெற்கதிர் வரவழைத்து, ஆம்பல் பூவோடு சேர்த்துச் சமைத்து மலையிலுள்ளோர் காலம் தள்ளினார்கள், அதற்கு யோசனை சொன்னவர் கபிலர் என்று நக்கீரர் குறிப்பிடுகிறார் (அகம் 78). இன்னொரு புலவர் செய்த உதவியை நினைவில் வைத்து, ஒரு காதல் பாட்டுக்குள் அதைப் பொதிந்து வைத்தது நக்கீரரின் பெருந்தன்மை.

கடைசியில் பாரி இறந்தான். அவனுடைய மகளிர் அனாதைகள் ஆனார்கள். இந்த இடத்திலிருந்துதான் கபிலரின் உண்மையான சோதனை தொடங்குகிறது. உயிரோடு இருக்கும் வள்ளலைப் பாடினால் பொன் கிடைக்கும். செத்துப்போன வள்ளலின் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனால் மூவேந்தர்களின் பகைதான் கிடைக்கும்.

கபிலர் முதலில் விச்சிக்கோன் என்ற தலைவனிடம் போனார். பயனில்லை. பிறகு இருங்கோவேளிடம் போனார். அங்கே அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் விதத்தைக் கவனிக்க வேண்டும். இவர்கள் முல்லைக்குத் தேர் தந்த பாரியின் பெண்கள், நான் அவர்களுடைய தந்தையின் தோழன், ஆகவே இவர்கள் என் பெண்கள் என்கிறார் (புறம் 201). இவ்வளவு பெரிய புலவர், தனக்கும் பாரிக்கும் இருந்த உறவாக முன்வைப்பது தோழன் என்பதைத்தான்.

இருங்கோவேளும் மறுத்தான். அப்போது கபிலருக்குக் கோபம் வந்தது. உன் முன்னோர்களின் அரையம் என்ற நகரம் ஏன் அழிந்தது தெரியுமா, உன்னைப் போல் ஒருவன் கழாத்தலையாரை இகழ்ந்ததால்தான் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார் (புறம் 202). கழாத்தலையாரும் ஒரு புலவர்தான். தனக்கு நேர்ந்த அவமானத்தின் நடுவிலும், முன்பு இன்னொரு புலவருக்கு நேர்ந்த அவமானத்தை அவர் மறக்கவில்லை!

யானையின் காலடியில்

மலையமான் குடும்பத்துக்கும் ஒரு கெட்ட காலம் வந்தது. சோழன் கிள்ளிவளவன் மலையமானின் சிறு பிள்ளைகளைப் பிடித்து யானைக் காலில் இடத் தயாரானான். அவர்கள் எந்த மலையமானின் பிள்ளைகள் என்று பாட்டின் குறிப்பு சொல்லவில்லை. அவர்களைக் காப்பாற்ற எந்தப் படையும் வரவில்லை. கோவூர் கிழார் என்ற ஒரு புலவர் மட்டும் வந்தார்.

அவர் சொன்னது இரண்டு செய்தி. நீ ஒரு புறாவின் துன்பத்தைத் தீர்த்தவனுடைய வம்சம் என்பது ஒன்று. இந்தப் பிள்ளைகளோ, அறிவை உழுது வாழும் புலவர்களின் வறுமைக்கு அஞ்சித் தங்கள் உணவைப் பகிர்ந்து உண்டவர்களின் வம்சம் என்பது மற்றொன்று. பிறகு பிள்ளைகளைக் காட்டுகிறார். யானையைப் பார்த்த வேடிக்கையில் அவர்கள் அழுகையை மறந்துவிட்டார்கள், புதிய இடத்தைப் பார்த்துத்தான் மிரள்கிறார்கள். கடைசியில், கேட்டுக்கொண்டாய் அல்லவா, இனி உன் விருப்பப்படி செய் என்று முடித்துவிடுகிறார் (புறம் 46). பிள்ளைகள் உயிர் பிழைத்தார்கள் என்று பாட்டின் அடிக்குறிப்பு கூறுகிறது.

கபிலருக்குக் கொடுத்தான், நப்பசலையாருக்குக் கொடுத்தான் என்று பாடப்பட்ட குடி இது. அந்தக் கடனைத் திருப்பியவர் கோவூர் கிழார். கடன் வாங்கியவர் ஒருவர், அடைத்தவர் வேறொருவர். இப்படி நடக்க வேண்டுமானால் எல்லோரும் தங்களை ஒரே கூட்டம் என்று நினைத்திருக்க வேண்டும்.

இதே கோவூர் கிழார் இன்னொரு முறையும் குறுக்கே வந்தார். நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் வந்த இளந்தத்தன் என்ற புலவரை, ஒற்றன் என்று சந்தேகித்து நெடுங்கிள்ளி கொல்லப் போனான். கோவூர் கிழார் தடுத்தார். புலவர் வாழ்க்கை எப்படிப்பட்டது தெரியுமா என்று அவர் விளக்குகிறார். பறவையைப் போல நெடுந்தூரம் போகிறார்கள், கிடைத்ததைச் சேர்த்து வைக்காமல் உண்கிறார்கள், சுருங்காமல் கொடுக்கிறார்கள், தங்கள் சுற்றத்தைக் காப்பாற்றுகிறார்கள். யாருக்கும் தீங்கு செய்யாத இந்த வாழ்க்கை உங்களைப் போன்ற அரசர்களின் வாழ்க்கைக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல என்று அரசன் முகத்துக்கு நேராகவே சொல்கிறார் (புறம் 47). இளந்தத்தனும் தப்பினார்.

பார்க்காமலே நட்பு

இவர்கள் எல்லோரும் அடிக்கடி சந்தித்துக்கொண்டவர்கள் என்று நினைக்க வேண்டாம். ஒருவரைப் பற்றி மற்றவர் பாட்டின் வழியாகவே அறிந்திருக்கக் கூடும். அதற்கு உச்சகட்ட உதாரணம் பிசிராந்தையார். அவர் பாண்டிய நாட்டுப் பிசிர் ஊர்க்காரர். கோப்பெருஞ்சோழன் இருந்ததோ உறையூர். இருவரும் பார்த்ததே இல்லை. தன் மக்களோடு ஏற்பட்ட பகையால் மனம் நொந்து சோழன் வடக்கிருந்தபோது, அதாவது உணவை விட்டு வடக்கு நோக்கி அமர்ந்து உயிர் விடத் துணிந்தபோது, ஆந்தையாருக்கும் ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள் என்றான். செல்வக் காலத்தில் வராவிட்டாலும் துன்பக் காலத்தில் வராமல் இருக்கமாட்டார் என்று நம்பினான். அவர் வந்தார்!

பிற்கால ஐரோப்பாவிலும் இப்படி உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரும் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரினும் 1763 முதல் 1778 வரை கடிதங்களால் மட்டுமே பழகினார்கள், நேரில் சந்திக்கவே இல்லை. வால்டேர் இறந்த பிறகு அவருடைய நூலகத்தையே கேத்தரின் விலைக்கு வாங்கினார். ஆனால் அங்கே நண்பருக்காக யாரும் உணவை விடவில்லை.

கபிலரின் முடிவு

மீண்டும் பெண்ணையாற்றுக்கு வருவோம். பாரியின் பெண்கள் என்ன ஆனார்கள்? அவர்களைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்ததைப் புறநானூற்று அடிக்குறிப்பு சொல்கிறது. கல்யாணக் கதை அதில் இல்லை. அங்கவை, சங்கவை என்ற பெயர்களும் சங்கப் பாடல்களில் கிடையாது. ஔவையார் அவர்களைத் திருக்கோவிலூரில் மணம் முடித்து வைத்தார் என்பது பிற்காலக் கதை.

ஆனால் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் ராஜராஜன் (985-1014) காலத்தில் பாட்டு வடிவில் வெட்டப்பட்டது. ராஜராஜனின் தாய் வானவன் மாதேவி மலையமான் குலத்தில் பிறந்தவர் என்பதால் இந்த ஊருக்கு அப்போது தனி மதிப்பு. பாரி அடைக்கலமாக விட்டுச் சென்ற பெண்ணை மலையனுக்குக் கொடுத்துவிட்டு, கபிலர் தீப்புகுந்த இடம் ஆற்றிலுள்ள கபிலக்கல் என்று அது கூறுகிறது. புறநானூறோ கபிலர் வடக்கிருந்தார் என்கிறது. தீயா, பட்டினியா? இரண்டும் ஒத்துப்போகவில்லை. கல்வெட்டு கபிலருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் இரண்டு சான்றுகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. கபிலர் தானாகவே உயிரை விட்டார்.

அதற்கு முன் பாடிய பாட்டில் (புறம் 236) அவர் பாரியிடம் குறைப்படுகிறார். உன்னோடு என்னையும் வரச் சொல்லாமல் இரு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய், அப்படியானால் நான் உனக்குப் பொருத்தமில்லாதவனா என்று கேட்கிறார். இந்தப் பிறவியில் சேர்ந்திருந்தது போலவே மறுபிறவியிலும் விதி நம்மைச் சேர்க்கட்டும் என்கிறார். பாரி ஏன் இருக்கச் சொன்னான் என்பதை ஊகிப்பது கடினமல்ல. பெண்களுக்கு ஒரு துணை வேண்டும். கபிலருக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது. ஆகவே அந்தக் கடமைக்காகவே அவர் உயிரோடு இருந்தார் என்று கொள்ளலாம்.

வெறும் கதையா?

மலையமான், அதியமான் எல்லாம் புலவர்களின் கற்பனை என்று சொல்ல முடியாது. திருக்கோவிலூருக்கு அருகிலுள்ள ஜம்பையில் 1981-இல் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. அதியன் நெடுமான் அஞ்சி செய்து கொடுத்த பாழி, அதாவது துறவிகளின் படுக்கை இடம், என்று அது சொல்கிறது. ஔவையார் பாடிய அதியமானின் பெயர், மலையமானின் நாட்டிலேயே கல்லில் இருக்கிறது! குதிரை உருவமும் மலையமான் என்ற பெயரும் பொறித்த சங்க காலக் காசுகளும் கிடைத்துள்ளன. 1894-இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்திராவிட்டால் இந்தக் கல்லையும் காசையும் பாட்டோடு இணைத்துப் பார்க்க வழியே இருந்திருக்காது.

முடிவுரை

இந்தப் புலவர் கூட்டத்தை அளவுக்கு மீறிப் புகழவும் தேவையில்லை. அவர்களால் பறம்பு மலையைக் காப்பாற்ற முடியவில்லை. பாரி மகளிரை மறுத்த அரசர்களின் மனத்தை மாற்ற முடியவில்லை. போர்களையும் அவர்கள் எப்போதும் எதிர்க்கவில்லை, வென்றவனைப் பாடிப் பரிசும் வாங்கினார்கள்.

ஆனால் அவர்களிடம் இருந்தது சொல் ஒன்றுதான். அந்தச் சொல்லை இன்னொருவரின் உயிருக்காகச் செலவழித்தார்கள். போட்டியாளரைப் புகழச் செலவழித்தார்கள். இறந்த நண்பனின் பெண்களுக்காக மறுத்தவர்கள் வாசலில் நின்று செலவழித்தார்கள். திருக்கோவிலூர்ப் பக்கம் போகிறவர்கள் கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே ஆற்றுப் பக்கமும் திரும்பிப் பார்க்கலாம். பெண்ணையில் தண்ணீர் இல்லாத நாட்களில் மணலில் நடந்தே அந்தப் பாறைக்குப் போய்விடலாம்.