‘அன்றும் இன்றும்’ படம் பிறந்த கதை

கந்தலும் பரட்டையுமாக ஒரு குழந்தை. பக்கத்திலேயே அதே குழந்தை, தலை வாரி, பொத்தான் போட்ட சட்டையில். நன்கொடை கேட்கும் நோட்டீசுகளில் இன்றும் தலைகாட்டும் இந்த ஜோடிப் படத்தைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் தாமஸ் பர்னார்டோ. டப்ளின்காரர். சீனாவில் மருத்துவ ஊழியம் செய்யும் ஆசையில் 1866இல் லண்டனுக்குப் படிக்க வந்தவர், கிழக்கு லண்டன் தெருப்பிள்ளைகளைப் பார்த்து அங்கேயே தங்கிவிட்டார். 1870இல் ஸ்டெப்னியில் பையன்களுக்கு ஓர் இல்லம். 1874இல் அதற்கென்றே ஒரு போட்டோ பிரிவு.

ஒரு பக்கம் அது பதிவேட்டு வேலை. சேருகிற பிள்ளையைப் படமெடுத்து அதன் கதையோடு ஒட்டிவைத்தால், ஓடிப்போனாலும் திருடினாலும் அடையாளம் காட்டலாம். மறுபக்கம், அந்த முகங்கள் சின்ன அட்டைகளாக விற்பனைக்கும் வந்தன. ஒன்று 6 பென்ஸ். 20 அட்டைக் கட்டு 5 ஷில்லிங். மொத்தமாக வாங்கினால் பாதி விலை! வசதியான வீட்டு வரவேற்பறைகளில் இந்த அளவு அட்டைகளுக்கென்றே ஆல்பம் இருந்த காலம் அது. அரச குடும்பத்துப் படங்களைச் சேர்த்தவர்கள் கையில் தெருப்பிள்ளையும் அதே அளவில் வந்து சேர்ந்தான்.

எல்லோரும் உருகுவது முதல் படத்தைப் பார்த்து. விஷயம் இருப்பதோ இரண்டாவதில். ‘முன்பு குட்டி நாடோடி, இப்போது குட்டித் தொழிலாளி’ என்றது ஓர் அட்டை. காசு கொடுத்தவர் வீட்டுப் பிள்ளைபோல அவன் ஆகிவிடவில்லை. ஆகவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. பையன்களுக்குச் செருப்புத் தைக்கவும் பிரஷ் கட்டவும் பழக்கினார்கள். சிறுமிகளை வீட்டு வேலைக்குத் தயார்செய்தார்கள். கருணை ஏற்றிவிட்ட படி அவ்வளவுதான். அந்தப் படியில் நின்ற பிள்ளையைப் பார்த்துக் கொடுத்தவருக்குப் பயம் வராது.

1877இல் விவகாரம் வெடித்தது. ஒரு பாப்டிஸ்ட் போதகர் கிளப்பிய புகார்கள் நடுவர் விசாரணைவரை போயின. தீப்பெட்டி விற்றே அறியாத சிறுமியைத் தீப்பெட்டிக்காரியாக நிறுத்தினார்கள், ஒரு பையனின் உடையைப் பேனாக்கத்தியால் கிழித்துவிட்டுப் படமெடுத்தார்கள் என்றெல்லாம் குற்றச்சாட்டு. தனி ஒரு பிள்ளையை அல்ல, அப்படிப்பட்ட பிள்ளைகளின் கூட்டத்தையே காட்டினேன் என்பது பர்னார்டோவின் வாதம். பெரும்பாலான புகார்களிலிருந்து அவரை விடுவித்த நடுவர்கள், கற்பனையை உண்மையென்று காட்டிய படங்களைக் கண்டித்தார்கள்.

ஜோடித்த அட்டைகள் நின்றன. பதிவேட்டுக் கேமரா நிற்கவில்லை. 1905இல் பர்னார்டோ இறந்தபோது அதில் சேர்ந்திருந்த படங்கள் 50,000க்கும் மேல்.