தோலில் தோன்றிய புள்ளி

அங்கேரி நாட்டுக் கபோஸ்வார் நகரில் 1837ஆம் ஆண்டு பிறந்த மோரிட்ஸ் கோன் என்னும் மருத்துவர், தம் குடும்பப் பெயரை மாற்றியபோது, பிறந்த ஊரை நினைந்து ‘கப்போசி’ எனச் சூட்டிக்கொண்டார். வியன்னாவில் தோல் மருத்துவராக விளங்கிய அவர், உடலிற் கருஞ்செந்நிறக் கட்டிகள் பரவிய ஐந்து நோயாளரைப் பற்றி 1872இல் எழுதினார். பின்னர் அப்புற்றுநோய் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. ஐரோப்பாவில் அஃது அரிதாக, பெரும்பாலும் முதியோரிடமே காணப்பட்டது.

1981 சூலை 3ஆம் நாள், அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கை அந்நிலையைக் கலைத்தது. நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் 26 ஆடவர்க்கு அப்புற்று கண்டிருந்தது. யாவரும் தன்பால் விழைவோர். மூத்தவர்க்கே வயது 51தான். எண்மர் அதற்குள் மாண்டிருந்தனர். எய்ட்ஸ் என்னும் பெயர் அப்போது பிறக்கவில்லை. முகத்தில் தோன்றிய புள்ளியோ, நோயாளி வாய்திறவா முன்னரே அவர் நோயை ஊருக்கு உரைத்துவிட்டது. அதனால் வேலையிழந்தோரும் வீடிழந்தோரும் பலர். நோயினும் அவ்விழிவே கொடிதாயிற்று என்று தோன்றுகிறது.

இளையோரை அது பற்றியது ஏன்? மாற்றுச் சிறுநீரகம் பெற்றோரிடம் ஒரு குறிப்பு முன்பே கிடைத்திருந்தது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உண்டபோது இப்புற்று சிலர்க்குத் தோன்றிற்று. மருந்தைக் குறைத்தபோது சுருங்கிற்று. எச்.ஐ.வி. நச்சுயிரி செய்வதும் அதுவே: காவலைக் கலைத்துவிடுகிறது. உள்ளே புகுந்த கள்வன் வேறொருவன். அவன் மற்றொரு நச்சுயிரி என்பதை 1994இல் நியூயார்க்கில் யுவான் சாங், பேட்ரிக் மூர் என்னும் மருத்துவத் தம்பதியர் கண்டறிந்தனர்.

மருந்தின் கதையும் விந்தையானது. 1964இல் புற்றுநோயை வெல்லவென ஆக்கப்பட்டுப் பயனின்றி ஒதுக்கப்பட்ட ஏ.இசட்.டி. என்னும் பொருளே 1987இல் எய்ட்சுக்கு முதல் மருந்தாயிற்று. ஆயினும் தனியொரு மருந்து போதவில்லை. 1996 முதல் பல மருந்துகளைச் சேர்த்தளிக்கும் முறை பரவவே, எதிர்ப்பாற்றல் மீண்டது. மருந்து கிட்டிய நாடுகளில் கப்போசிப் புற்று வெகுவாகக் குறைந்தது. எதிர்ப்பாற்றல் குன்றுமுன்னரே மருந்து தொடங்கின் என்ன பயன் என ஆய்ந்தோர் 2015இல் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிக்கப்பட்ட 4,685 பேருள், உடனே தொடங்கியோரில் ஒருவர்க்கும், காத்திருந்தோரில் பதினொருவர்க்கும் இப்புற்று வந்தது.

ஆயுள் நீளவே, முதுமைக்குரிய நுரையீரற் புற்றும் கல்லீரற் புற்றும் அவர்களிடையே முன்னுக்கு வந்தன. கருப்பை வாய்ப் புற்றோ, எச்.ஐ.வி. உள்ள பெண்டிர்க்கு ஏனையோரினும் ஆறு மடங்கு மிகுதியாக வருகிறது. 1993இல்தான் அமெரிக்க மையம் அதனை எய்ட்சின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. அதுவரை பெண்டிரின் இத்துயர் அக்கணக்கேட்டில் இடம்பெறவில்லை.

உகாண்டாவில் கப்போசிப் புற்று எய்ட்சுக்கு முன்பே அறியப்பட்டிருந்தது. கம்பாலா நகரில் புற்றுநோய் நிலையம் 1967இலேயே தொடங்கப்பெற்றது. எச்.ஐ.வி. மருந்து இன்று அந்நாட்டில் விலையின்றிக் கிடைக்கிறது. எனினும் கால் வீங்கி நடை தளர்ந்த பின்னரே மருத்துவமனையை நாடுவோர் அங்கு இன்றும் பலர்.