முதுகுல ஏறி மணிக்கட்டுக்கு வந்த கதை

1947. அமெரிக்காவுல மொன்டானா மாநிலம், ஹெலினான்னு ஒரு சின்ன ஊர். ஒரு மனுஷன் முதுகுல 38 கிலோ பாரத்தைக் கட்டிக்கிட்டு, நகராத சைக்கிளை மிதிக்கிறார். 38 கிலோன்னா ஒன்றரை அரிசிச் சிப்பம்! மூட்டைக்குள்ள அரிசி இல்ல, ரேடியோ டிரான்ஸ்மிட்டரும் பேட்டரியும். சைக்கிள் மிதிக்கிறவரோட இதயத் துடிப்பு ரேடியோ அலையாக் கிளம்பிப் போய், தள்ளி இருக்கிற கருவியில ஈசிஜி கோடாப் பதிவாகுது.

அவர் பேரு நார்மன் ஹோல்டர். நம்மூர் டாக்டர் "24 மணி நேரம் ஹோல்டர் வச்சுப் பாத்துடலாம்"னு சொல்றாரே, அந்த ஹோல்டர்தான். பல்பு ஹோல்டர் மாதிரி பொதுப்பேருன்னு நினைச்சுடாதீங்க :-) இத்தனைக்கும் டாக்டர் இல்ல, இயற்பியல்காரர். முந்தின வருஷம்தான் பிகினி தீவு அணுகுண்டு சோதனையில வேலை பாத்துட்டு வந்திருந்தார். அவரோட கேள்வி ரொம்ப எளிமையானது: படுக்க வச்சு, மூச்சைப் பிடிக்கச் சொல்லி எடுக்கிற ஈசிஜி, ஓடியாடி வேலை செய்யுற ஆளோட இதயத்தப் பத்தி என்ன சொல்லிடும்?

டிரான்ஸிஸ்டர் வந்ததும் மூட்டை இளைச்சுப் போச்சு. 1961ல் 'சயின்ஸ்' இதழ்ல அவர் எழுதினப்ப, அது தூக்கிட்டுத் திரியக்கூடிய டேப் ரெக்கார்டரா மாறியிருந்தது. அப்புறமென்ன, லண்டன்ல டாகர்ட்னு ஒரு டாக்டரும் அவர் கூட்டாளிகளும் போக்குவரத்து நெரிசல்ல கார் ஓட்டுறவங்க நெஞ்சுல ஒயரை ஒட்டிப் பாத்து 1969ல் கட்டுரை போட்டாங்க. உக்காந்த இடத்துல இருந்து ஸ்டியரிங் பிடிக்கிற வேலைதான். இதயத்துக்கு அது தெரியலையே!

ஆனா வேலை அழுத்தம்னு எடுத்துக்கிட்டா, என்னைப் பொறுத்தவரை கதையோட நாயகன் ஈசிஜி இல்ல, ரத்த அழுத்தக் கருவிதான். கையில பட்டையைக் கட்டி, இடுப்புல ஒரு பெட்டியை மாட்டி அனுப்பிடுவாங்க. குறிச்ச நேரத்துக்கு ஒரு தடவை அதுவா உப்பி, அதுவா அளந்து வச்சுக்கும். மீட்டிங்ல இருக்கும்போது "புஸ்ஸ்"னு சத்தம் வந்தா எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

நியூயார்க்ல தாமஸ் பிக்கரிங்னு ஒரு டாக்டர். ரத்த அழுத்தம்னா என்னங்கிறதப் பத்திப் பெரிய சண்டையே போட்ட சர் ஜார்ஜ் பிக்கரிங்கோட பையன். அப்பா சொத்து! இவரும் இவர் குழுவும் 1988ல் ஒரு கணக்கு காட்டினாங்க. பார்டர்ல ரத்த அழுத்தம் இருக்குன்னு சொல்லப்பட்ட 292 பேர்ல 21 சதவீதம் பேருக்கு, கிளினிக்கை விட்டு வெளிய வந்தா அழுத்தம் நார்மல். வெள்ளைக் கோட்டைப் பாத்துத்தான் ஏறியிருக்கு. இதுக்குத் தலைகீழான கூட்டமும் உண்டு. டாக்டர் முன்னாடி நார்மல், வெளிய எகிறும். 2002ல் அதுக்கு 'மறைந்திருக்கும் ரத்த அழுத்தம்'னு அர்த்தம் வர்ற மாதிரி பேரு வச்சதும் பிக்கரிங்தான்.

அப்ப வேலை செய்யுற இடத்துல? பீட்டர் ஷ்னால், பிக்கரிங், ராபர்ட் கராசெக் எல்லாம் சேர்ந்து நியூயார்க்ல ஏழு வேலையிடங்கள்ல 215 ஆண்களுக்கு இந்தக் கருவியைக் கட்டினாங்க. கராசெக் 1979லேயே ஒரு கருத்து சொல்லியிருந்தார். வேலை அதிகமா இருக்கிறது மட்டும் ஆளைக் கொல்லாது. வேலையும் தலைக்கு மேல, அதை எப்படிச் செய்யணும்னு முடிவு பண்ற உரிமையும் நம்ம கையில இல்லன்னா, அதுதான் ஆபத்து. "பாவம் மேனேஜர், எவ்ளோ டென்ஷன்!"னு நாம உச்சுக் கொட்டுறோமே, அதைத் திருப்பிப் போட்ட சிந்தனை.

1990ல் முடிவு வெளியாச்சு. அந்த மாதிரி வேலையில இருந்தவங்களுக்கு ரத்த அழுத்த நோய்க்கான வாய்ப்பு மத்தவங்களை விடக் கிட்டத்தட்ட மூணு மடங்கு. அதை விட முக்கியம் 1998ல் வந்த தொடர்ச்சி. மூணு வருஷம் கழிச்சு அதே ஆளுங்களுக்குத் திரும்பக் கட்டிப் பாத்தாங்க. ரெண்டு தடவையும் அதே கொடுமையான வேலையில மாட்டிக்கிட்டு இருந்தவங்களுக்கு, ரெண்டு தடவையும் அப்படி இல்லாதவங்களை விட மேல் அளவு சுமார் 11 புள்ளி அதிகம். வீட்ல இருக்கும்போதும் அப்படித்தான்! அந்த நிலைமையில இருந்து தப்பிச்சவங்களுக்கு வேலை நேரத்து அளவு அஞ்சு புள்ளி போல இறங்கியிருந்தது. யாரும் அவங்களுக்குத் தியானம் சொல்லிக் கொடுக்கல. வேலையோட தன்மை மாறுச்சு, அவ்ளோதான்.

எல்லாம் ஆம்பளைங்களாவே இருக்காங்களேன்னு கேப்பீங்க. ஸ்வீடன்ல மரியான் ஃபிராங்கன்ஹாய்சர் அம்மா வோல்வோ ஊழியர்கள் கிட்ட ரத்த அழுத்தத்தையும் சிறுநீர்ல ஹார்மோன் அளவையும் பாத்து 1989ல் எழுதினாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஆண் மேனேஜர்களுக்கு நார்அட்ரினலின் இறங்குது. பெண் மேனேஜர்களுக்கு ஏறுது. ஏன்னு நம்ம வீட்டுப் பெண்களைக் கேட்டா கருவி இல்லாமலே சொல்லிடுவாங்க.

இந்த ஆராய்ச்சிகள்ல எல்லாம் பட்டை ஆளோட கையில இருந்தாலும், பரீட்சை எழுதினது வேலைதான். அது எப்ப மாறுச்சு?

அமெரிக்காவுல ஊழியரோட மருத்துவக் காப்பீட்டுச் செலவுல பெரும்பகுதி முதலாளி தலையில. 2010ல வந்த ஒபாமா காலத்துச் சட்டம், உடல்நல இலக்கை எட்டினவங்களுக்கும் எட்டாதவங்களுக்கும் காப்பீட்டுச் செலவுல 30 சதவீதம் வரை வித்தியாசம் வைக்கலாம்னு வழிவிட்டுச்சு. அதுக்கு முந்தின வருஷம்தான் ஃபிட்பிட் கடைக்கு வந்திருந்தது. அப்புறம் சொல்லணுமா? வேலையை அளந்த பட்டை, ஆளை அளக்க ஆரம்பிச்சிடுச்சு. இந்த மணிக்கட்டுப் பட்டைகள் காட்டுற 'ஸ்ட்ரெஸ் ஸ்கோர்' பெரும்பாலும் துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி ஏற்ற இறக்கத்துல இருந்து போடுற கணக்கு. ராத்திரி தூக்கம் கெட்டாலும் மாறும், ரெண்டு காப்பி குடிச்சாலும் மாறும். மேலதிகாரி கத்தினதாலயா, காப்பியாலயான்னு அதுக்குத் தெரியாது.

மேற்கு வர்ஜீனியாவுல அரசு ஊழியர் காப்பீட்டு நிறுவனம் 'கோ365'ன்னு ஒரு செயலியைக் கொண்டுவரப் பாத்துச்சு. பட்டை கட்டு, நட, 3,000 புள்ளி சேரு. சேரலயா, மாசம் 25 டாலர் கூடுதலாக் கட்டு, மருத்துவச் செலவுல கைக்காசு பங்கும் 500 டாலர் ஏறும். சம்பளமே போதாம தவிச்ச வாத்தியார்களுக்கு இது எரியுற நெருப்புல எண்ணெய். எதிர்ப்பு கிளம்பினதும் கட்டாயத்தைக் கைவிட்டுட்டாங்க. ஆனா வாத்தியார்கள் அதோட நிக்கல. 2018 பிப்ரவரி 22 அன்னிக்கு, வேலைநிறுத்த உரிமையே இல்லாத மாநிலத்துல, 55 கவுண்டிகள்லயும் பள்ளிக்கூடத்தை மூட வச்சாங்க. முக்கியமாக் கேட்டது சம்பளமும் காப்பீடும். 5 சதவீத உயர்வு வாங்கிக்கிட்டுத்தான் வகுப்புக்குத் திரும்பினாங்க.

இந்த நலத்திட்டங்களால பலனாவது உண்டா? இல்லினாய் பல்கலைக்கழகத்துல கிட்டத்தட்ட 5,000 ஊழியர்களைக் குலுக்கல் முறையில பிரிச்சுச் சோதிச்சு 2019ல் எழுதினாங்க. மருத்துவச் செலவு குறைஞ்சதாத் தெரியல. விரும்பி வந்து சேர்ந்தவங்க ஏற்கெனவே ஆரோக்கியமா இருந்தவங்க!

2025 பிப்ரவரி 2ல இருந்து ஐரோப்பிய ஒன்றியத்துல, ஊழியரோட உடல் அளவீடுகளை வச்சு அவர் மனசுல என்ன உணர்ச்சின்னு செயற்கை நுண்ணறிவு மூலமா வேலையிடத்துல கணிக்கிறதுக்குத் தடை. மருத்துவம், பாதுகாப்புக் காரணங்களுக்கு மட்டும் விலக்கு. ஊழியர் நலம்னு பேரு வச்சு அந்த விலக்கு வழியாவே உள்ள நுழைய எத்தனை பேர் வருவாங்கன்னு பாக்கணும்.