மூப்பும் உடலியக்கமும்

மூப்பின் காரணமாக அசைவிலும் நடையிலும் வேகத்திலும் உண்டாகும் மாறுதல்கள், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவிலிருந்து மனிதன் வரையில் பல பிராணிகளிடத்தும் ஏறக்குறைய ஒரே போக்கில் நிகழ்கின்றன. இவை வயோதிகத்தில் திடீரென்று வந்து சேர்பவை என்பது பொதுஜன அபிப்பிராயம். ஆனால் மனித சரீரத்தில் இவற்றின் தொடக்கம், யௌவனம் முழுப் பொலிவுடன் விளங்குவதாகத் தோன்றும் இருபதுகளின் நடுப்பகுதியிலேயே அமைந்துவிடுகிறது. உடலின் இருப்பில் அப்போது மிகுதி இருப்பதால், முப்பது நாற்பது ஆண்டுகள் வரை அந்தக் குறைவு அன்றாடக் காரியங்களில் வெளிப்படுவதில்லை.

1988ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்தைச் சேர்ந்த யான் லெக்ஸெல் என்பாரும் அவருடைய சகாக்களும், 15 முதல் 83 வயது வரையில் பல பிராயங்களில் இறந்துபோன, முன்பு நல்ல ஆரோக்கியத்துடன் வாழ்ந்த 43 ஆண்களின் தொடைத் தசையை முழுக் குறுக்குவெட்டாக எடுத்து, அதிலுள்ள இழைகளைக் கணக்கிட்டு ஒரு முடிவை வெளியிட்டார்கள். தசையின் குறுக்குப் பரப்பு சுமார் 25 வயதிலேயே குறையத் தொடங்கி, 80 வயதை எட்டும்போது ஏறத்தாழ 40 சதவீதம் அற்றுப்போகிறது என்பதும், இவ்விழப்பின் பெரும்பகுதி இழைகளின் எண்ணிக்கை குறைவதனால் ஏற்படுவது என்பதும், எஞ்சியவற்றுள் விரைந்து சுருங்கும் இழைகளே அதிகம் மெலிகின்றன என்பதும் அம்முடிவின் சாரம்.

இழைகள் மறைவதற்குத் தசையை மட்டும் காரணமாகக் கூறுதல் போதாது. தண்டுவடத்திலுள்ள இயக்க நரம்பணு ஒவ்வொன்றும் தன் கிளைகளால் பல தசை இழைகளை ஆள்கிறது. அந்த அணு முதுமையில் மடியும்போது, அதன் ஆளுகையிலிருந்த இழைகளிற் சில, பக்கத்திலுள்ள வேறொரு நரம்பணுவின் புதுக் கிளைகளால் தத்தெடுக்கப்பட்டுப் பிழைக்கின்றன. தத்தெடுப்பார் இல்லாதவை நலிந்து மறைகின்றன. அவ்வாறு தத்தெடுப்பவை பெரும்பாலும் மெதுவாக இயங்கும் வகையைச் சேர்ந்த நரம்பணுக்களாதலின், பிழைத்த இழைகளும் நாளடைவில் அவற்றின் சுபாவத்தையே பெற்றுவிடுகின்றன. தசை பருமனிற் குறைவதைக் காட்டிலும் வலிமையில் விரைவாகவும், வலிமையிற் குறைவதைக் காட்டிலும் அவ்வலிமையை நொடியில் வெளிப்படுத்தும் திறத்தில் இன்னும் விரைவாகவும் குறைந்துபோவதற்கு இது ஒரு முக்கிய காரணம். சமதரையில் நெடுநேரம் நடக்க வல்ல முதியவர், கால் இடறிய கணத்தில் மற்றொரு காலை முன்வைத்து உடலைத் தாங்க முடியாமல் விழுவதை இதனால் விளங்கிக்கொள்ளலாம். அவருடைய கால்களில் பலம் இருந்தும், அது காலத்தில் வந்து சேர்வதில்லை.

தசைக்கும் நரம்புக்கும் உள்ள இப்பங்கைப் பிரித்தறிவதற்குப் பெரிதும் உதவிய பிராணி, சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்னும் சிறு புழுவாகும். இரண்டு மூன்று வாரங்களே வாழும் இது, இளமையில் அலையலையாக வளைந்து தடையின்றி ஊர்கிறது. பிறகு தொட்டால் மட்டும் நகர்கிறது. இறுதி நாட்களில் தலையை மாத்திரம் அசைக்கிறது. 2002இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, இப்புழுவின் நரம்பு மண்டலம் முதுமையிலும் உருவம் கெடாமல் நிற்க, தசைகள் மட்டும் சிதைகின்றன என்று காட்டியது. 2013இல் வேறு ஆராய்ச்சியாளர்கள், உருவம் கெடாத அந்நரம்புகளின் செயல், தசை தளர்வதற்கு முன்பே தளர்ந்துவிடுகிறது என்று நிறுவி, நரம்பைத் தூண்டும் அரிகோலின் என்ற பொருளை அளித்தபோது முதிய புழுக்களின் அசைவு மேம்படுவதையும் கண்டார்கள். அரிகோலின் என்பது கொட்டைப்பாக்கிலுள்ள சத்து. பாக்கு மெல்லுவதற்கு இது நியாயமாகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பாக்கு வாய்ப்புற்றுக்கு ஏதுவாவது ஐயமற நிறுவப்பட்டது. இப்புழுக்களைப் பற்றி என் உள்ளத்தைக் கவர்ந்த விஷயம் மற்றொன்று உண்டு: ஒரே மரபணுக்களை உடையனவாய், ஒரே உணவை உண்டு, ஒரே தட்டில் வளர்ந்தவையாயினும், ஒரே நாளில் ஒன்று துள்ளி ஊர்ந்துகொண்டிருக்க மற்றொன்று அசைவற்றுக் கிடக்கிறது. மூப்பின் கதியில் தற்செயலுக்கும் ஓர் இடம் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

வனவிலங்குகள் தளர்ச்சி வெளிப்படுமுன்பே இரையாகியோ பட்டினியாலோ மடிந்துவிடுகின்றன என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1995 முதல் மீண்டும் குடியேற்றப்பட்ட ஓநாய்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தவர்கள் அக்கருத்தை மாற்றிவிட்டார்கள். எல்க் மானைத் துரத்தி வீழ்த்தும் திறமையில் ஓநாய் இரண்டு மூன்று வயதிலேயே உச்சத்தை அடைந்து, பின்னர் இறங்கத் தொடங்குகிறது. முதியவை மிகுந்த கூட்டம் குறைவாகவே வேட்டையாடுகிறது. தென் இந்தியப் பெருங்கடலிலுள்ள குரோசே தீவுகளில் கூடு கட்டும் அல்பட்ராஸ் பறவைகளின் செய்தி வேறு விதமானது. முதிய ஆண் பறவைகள் இளையவை செல்லும் கடற்பரப்பைத் தாண்டி, தொலைவிலுள்ள அண்டார்டிக் நீர்ப்பரப்புகளுக்குச் சென்று அங்கே குறைந்த சுறுசுறுப்புடன் இரை தேடுகின்றன. பெண் பறவைகளிடத்தில் இந்த மாறுதல் காணப்படவில்லை. சிறகின் பலம் குன்றினால் பறக்கும் தூரமும் குறைந்தே தீரும் என்ற எளிய அநுமானத்துக்கு இப்பறவைகள் இடங்கொடுக்கவில்லை.

மனிதனின் நடைக்குத் திரும்புவோம். முதியோர் அடி குறுகுகிறது. இரு பாதங்களும் ஒருங்கே நிலத்தில் ஊன்றியிருக்கும் நேரம் நீள்கிறது. இளைஞன் கணுக்காலால் தரையை உந்தி முன்செல்ல, முதியவர் அவ்வுந்துதலின் ஒரு பகுதியை இடுப்பின் தசைகளுக்கு மாற்றிக்கொள்கிறார். அதனால் அதே தூரத்தை நடக்க அவருக்கு அதிக சக்தி செலவாகிறது. உட்செவியில் சமநிலையை உணர்த்தும் மயிரணுக்கள் குறைவதும், பாதத்தின் உணர்வு மங்குவதும், பார்வை தெளிவிழப்பதும் கூடிவிடுவதால், முன்னர் தானாக நடைபெற்ற நடைக்கு இப்போது சித்தத்தின் கவனம் தேவைப்படுகிறது. உடன் வருபவர் ஏதேனும் கேட்டால், பதில் சொல்வதற்காக நின்றுவிடும் முதியோர் அப்படி நில்லாதவர்களைவிடப் பின்னாளில் அதிகமாக விழுகிறார்கள் என்று 1997இல் ஸ்வீடனில் கண்டறிந்தார்கள். வீட்டிலுள்ளோர் எவரும் கருவியின்றிக் கவனிக்கக்கூடிய அறிகுறி இது. 65 வயதுக்கு மேற்பட்டோரில் மூவரில் ஒருவர் ஆண்டுதோறும் ஒரு முறையேனும் விழுகிறார் என்பதை எண்ணும்போது, இதனை அற்பமென்று ஒதுக்க மனம் வருவதில்லை.

இத்தனை குறைவுக்கும் ஆண்டுகள் மட்டுமே பொறுப்பா என்பதுதான் இத்துறையின் தலையாய கேள்வி. 1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் 20 வயதுள்ள ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கச் செய்து பரிசோதித்தபோது, கடும் உழைப்பின்போது பிராணவாயுவைப் பயன்படுத்தும் அவர்களுடைய திறன் கால் பங்குக்கு மேல் குறைந்தது. அதே ஐவரையும் முப்பது ஆண்டுகள் கழித்துச் சோதித்தார்கள். முப்பது ஆண்டு மூப்பு விளைத்த நஷ்டம் அந்த மூன்று வாரச் சயனம் விளைத்ததைவிடக் குறைவாயிருந்தது. ஆறு மாத தேகாப்பியாசத்தால் அந்த நஷ்டமும் ஈடு செய்யப்பட்டது. நாற்பதாவது ஆண்டில்தான் மூப்பின் விளைவு படுக்கையின் விளைவுக்குச் சமமாயிற்று. ஐவரே ஆராயப்பட்டனர் என்பது உண்மை. ஆயினும் முதியோரை ஓய்வு என்னும் பெயரால் அமர்த்திவைக்கும் வழக்கம் அவர்களுக்கு நன்மை செய்வதன்று என்று உறுதியாகச் சொல்ல, பிற்கால ஆராய்ச்சிகளுடன் சேர்த்து நோக்கும்போது, இது போதுமானது.

மராத்தான் ஓட்டத்தை 73ஆம் வயதில் 2 மணி 54 நிமிடம் 48 விநாடியில் முடித்த கனடாவின் எட் விட்லாக், 2012இல் தம் 100ஆம் வயதில் ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டி, 102ஆம் வயதில் அதனை 26.927 கிலோமீட்டராக உயர்த்திய பிரான்ஸின் ரோபேர் மார்ஷான் போன்றோரை விதிவிலக்குகள் என்று ஒருவர் ஒதுக்கலாம். ஆனால் 1990இல் பாஸ்டன் நகரத்து முதியோர் நிலையம் ஒன்றில் பயிற்சி பெற்றவர்கள், 90 வயதை ஒட்டிய, உடல் நலிந்த சாமானியர்கள். எட்டு வாரம் கால்களால் கனமான எடையைத் தூக்கிப் பழகியபின், அவர்களுடைய வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடிற்று. தொடைத் தசையின் பரப்போ 9 சதவீதமே வளர்ந்திருந்தது. எஞ்சியிருந்த தசையைத் திரட்டிப் பயன்படுத்த நரம்பு மண்டலம் அந்த வயதிலும் கற்றுக்கொண்டது என்றே இந்த வேறுபாட்டுக்குப் பொருள் கொள்ள வேண்டும். ஊன்றுகோலுடன் வந்தவர்களில் இருவர் அதனை விட்டுவிட்டு நடந்தார்கள். பயிற்சி நின்ற சில வாரங்களிலேயே பெற்ற வலிமையில் கணிசமான பகுதி கரைந்துபோனதும் அதே பரிசோதனையில் பதிவாகியுள்ளது.