ஸ்கேன் சொல்லாததை சென்சார் சொல்லுமா? முதுகெலும்பு நோயாளிகளின் நடையை அளக்கும் கருவி!

"எவ்வளவு தூரம் நடக்க முடியுது?" முதுகெலும்பு பிரச்னையோடு வருபவர்களிடம் டாக்டர் கேட்கும் முக்கியமான கேள்வி இது. பெரும்பாலும் வரும் பதில், "கொஞ்ச தூரம்தான் டாக்டர்!" அந்த 'கொஞ்சம்' எவ்வளவு என்பதைத்தான் உடலில் அணியும் சென்சார்கள் கணக்குப் போட்டுச் சொல்கின்றன.

எம்ஆர்ஐ ஸ்கேன் போதாதா?

எம்ஆர்ஐ பெரும்பாலும் படுத்த நிலையில் எடுக்கப்படும் படம். எலும்பு, ஜவ்வு, நரம்பு எப்படி இருக்குன்னு காட்டும். நீங்கள் எப்படி நடக்கிறீர்கள் என்று காட்டாது. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை அலசிய 2015-ம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பில், 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் ஜவ்வு தேய்மானம் இருந்தது. ஆக, ஸ்கேனில் தேய்மானம் தெரிந்தாலே அதுதான் வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

எப்படி வேலை செய்கிறது?

செல்போனைத் திருப்பினால் திரையும் திரும்புதே, அதே டெக்னாலஜிதான். ஆக்சிலரோமீட்டர் வேகம் மாறுவதையும், கைரோஸ்கோப் உடல் திரும்புவதையும் பதிவு செய்யும். இடுப்பிலோ காலிலோ கட்டிக்கொண்டு நடந்தால், நடை வேகம், தள்ளாட்டம், குனியும் கோணம் எல்லாம் எண்களாகக் கிடைக்கும்.

யாருக்குப் பயன்?

இடுப்புப் பகுதியில் நரம்புப் பாதை சுருங்கியவர்களுக்கு நடக்க நடக்க கால் வலிக்கும், மரத்துப்போகும். உட்கார்ந்தாலோ, முன்பக்கம் குனிந்தாலோ குறையும். டாக்டர் அறையில் நாலு அடி நடந்தால் இது தெரியாது. 6 நிமிட நடை சோதனையிலோ, வீட்டில் சில நாட்கள் அணிந்தாலோ, எப்போது நடை தளர்கிறது என்பது தெரியவரும்.

கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அழுத்தப்பட்டால், பெரிய வலி இல்லாமலேயே நடை தள்ளாடலாம். ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் அளந்து பார்த்தால், முன்னேற்றம் இருக்கா இல்லையா என்பதும் புரியும்.

ஸ்மார்ட் வாட்ச் போதுமா?

மெதுவாகவோ, ஊன்றுகோல் பிடித்தோ நடப்பவர்களின் காலடிகளை வாட்ச் தவறவிடலாம். தவிர, சென்சார் அளப்பது நடையைத்தான், வலியை அல்ல. மூட்டுத் தேய்மானம், ரத்தக்குழாய் அடைப்பு இருந்தாலும் நடை குறையும். காரணத்தைக் கண்டுபிடிக்க டாக்டரின் பரிசோதனை கட்டாயம் வேண்டும்.

இதற்குக் காத்திருக்காதீர்கள்!

கால் திடீரென பலமிழந்தால், சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனால், தொடையின் உள்பக்கமும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போனால், எந்தக் கருவியையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்க. தாமதித்தால் நரம்பு பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம்.