பெயர் சொல்லி அவையேறிய மரபு

ஒரு கருத்தைப் பலர் முன் வைப்பவர் அதற்குப் பொருந்திய பெயரிட வேண்டும். அது எதைப் பற்றியது, யாருக்கானது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மறுக்க வந்தவர் எதிர்த்தரப்பை உள்ளபடி எடுத்துரைத்துவிட்டே மறுக்க வேண்டும். தமிழ்ப் புலமை உலகம் இந்த ஒழுங்குகளைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வகுத்துக்கொண்டது. பழம் புலவர்களின் வெற்றுச் சடங்கு என்று இவற்றைத் தள்ளிவிட முடியாது. இங்கே வாதம் நடந்ததற்கும், நடந்த வாதம் பின்வந்தோர் கைக்குக் கிடைத்ததற்கும் இவையே பெருந்துணையாக இருந்தன.

மணிமேகலையின் விழாவறை காதையில் இதன் பழைய வடிவத்தைக் காணலாம். புகாரில் இந்திர விழாவை முரசறைந்து அறிவிப்பவன், சமயவாதிகளை முறையறிந்து பட்டிமண்டபம் ஏறும்படி அழைக்கிறான். அந்த அறிவிப்பிலேயே, பகைவரானாலும் அவரோடு சினமும் பூசலும் கொள்ளாமல் விலகிச் செல்லுங்கள் என்று ஊராருக்கும் சொல்லிவிடுகிறான். வாதத்துக்கான அழைப்பும் நடத்தை விதியும் சேர்ந்தே வருகின்றன. கருத்து வேற்றுமை இருக்கும், அதனால் ஊர் குலையக் கூடாது என்ற தெளிவு அதில் இருக்கிறது.

மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்துச் சிற்றரசன் சீயகங்கன் கேட்டுக்கொண்டதால் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், இந்த ஒழுங்கை இலக்கணமாகவே ஆக்கியது. நூலின் முன்னுரையாக அமையும் சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டியவை எட்டு: ஆசிரியர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், எதற்குப் பின் படிக்கத் தக்கது என்னும் யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். ஒருவர் ஒரு நூலுக்குள் நுழைவதா வேண்டாமா என்று முடிவு செய்யத் தேவையான அனைத்தும் இதில் அடங்கிவிடுகிறது. நூலுக்குப் பெயர் வரும் வழிகளையும் நன்னூல் வகைப்படுத்துகிறது. தொல்காப்பியம் ஆசிரியரால் பெயர் பெற்றது. வீரராசேந்திர சோழன் பெயரைத் தாங்கும் வீரசோழியம் புரவலரால் பெயர் பெற்றது. ஆசிரியர் தம்மைத் தாமே புகழ்வது தகாது என்பதால், பாயிரம் எழுதும் உரிமை அவருடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், உரைகாரர் ஆகியோருக்குத் தரப்பட்டது.

மறுப்புக்கும் முறை இருந்தது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளைப் பரபக்கத்தில் எடுத்துச் சொல்லி மறுத்த பின்னரே சுபக்கத்தில் தம் கொள்கையை நிறுவுகிறார். குண்டலகேசி என்ற பௌத்த காப்பியத்துக்கு விடையாக எழுந்த சமண நூல் நீலகேசி. எதற்கு விடை என்பதை அதன் பெயரே உணர்த்திவிடுகிறது. குண்டலகேசி முழுமையாகக் கிடைக்கவில்லை. அதைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதில் கணிசமான பகுதி நீலகேசியும் அதன் உரையும் காத்துத் தந்தது. எதிரியின் வாதத்தை எடுத்துச் சொல்லும் கட்டாயம் இல்லாதிருந்தால் அந்தத் தடயங்களும் அழிந்திருக்கும்.

இவையெல்லாம் கற்ற சிலர் தமக்குள் வைத்துக்கொண்ட விதிகள், ஓலையும் எழுத்தும் கிட்டாத பெரும்பாலோரை அவைக்கு வெளியே நிறுத்திய விதிகள் என்று ஒருவர் சொல்லலாம். அவை சிலருக்கே திறந்திருந்தது உண்மை. ஆனால் அந்தக் குறை அவையின் வாசலைச் சேர்ந்தது. பாயிர விதியோ சுமையை எழுதுபவர் மீது ஏற்றிக் கேட்பவரின் நேரத்தைக் காக்கிறது. வாசல் அகன்று புதியவர்கள் வரவர அதன் தேவை கூடவே செய்யும். நீலகேசியில் கடுமையான ஏளனம் இல்லையா என்றும் கேட்கலாம். இருக்கிறது. முறை என்பது சூட்டைத் தணிக்கும் மருந்தாக எப்போதும் வேலை செய்ததில்லை. எவ்வளவு சூட்டிலும் எதிர்த்தரப்பு என்ன சொன்னது என்பது காணாமல் போகாதபடி அது பார்த்துக்கொண்டது.

பெயரில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு அருட்பா மருட்பா பூசல் விடை சொல்லும். இராமலிங்க அடிகளின் பாடல்களைத் தொழுவூர் வேலாயுத முதலியார் 1867இல் திருவருட்பா என்ற பெயரில் பதிப்பித்தார். தேவார திருவாசகங்களுக்கு உரிய பெயர் இது என்று ஆறுமுக நாவலர் தரப்பு எதிர்த்தது. போலியருட்பா மறுப்பு என்னும் கண்டன நூல் வெளிவந்தது. சண்டை மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போயிற்று. பாடல்கள் சொல்வது என்ன என்ற ஆராய்ச்சி பின்னுக்குப் போய், பெயருக்கு உரிமை யாருக்கு என்பதும் வசையும் முன்னுக்கு வந்தன. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் அது ஓயவில்லை. அச்சு வந்து வாசகர் பெருகிய காலத்தில் பழைய முறை கைநழுவியதன் விலை இது.

ஆகவே பொதுவில் பேச வருகிற எவரும் நன்னூலின் எட்டில் மூன்றையாவது கைக்கொள்ள வேண்டும்: சொல்லப்போகும் பொருளைப் பெயரிலேயே காட்டுங்கள், அது எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள், யாருக்கானது என்று சொல்லுங்கள். மறுக்கும்போது, எதிராளியே ஒப்புக்கொள்ளும்படி அவர் கருத்தை முதலில் எடுத்துரையுங்கள்.